சுமைதாங்கிக் குளங்கள்

அருள்புரத்தில் இரவு ஷிப்டின் கடைசி வேலை, அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது. லாட் எண், சைஸ், கலர், எத்தனை பீஸ், எந்தத் துறைமுகம் என்று எல்லாம் அதில் இருக்கும். லாரி தூத்துக்குடி போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டி நம் கண்ணைவிட்டுப் போவதில்லை. கப்பல் இன்று எந்தக் கடலில் நிற்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆனாலும் ஒரு பொருள் போகும் வழியை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

அதே வியப்பு ஒரு பறவையின் பேரில் வந்தது, போன தை மாதம், நஞ்சராயன் குளத்தில். திருப்பூருக்கு வடக்கே, ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி 125 ஹெக்டேருக்கும் சற்று அதிகமாக விரிந்து கிடக்கிறது அந்தக் குளம். நல்லாற்று நீர் அதில் வந்து சேர்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் கழுவேலிச் சதுப்பு நிலத்தோடு சேர்ந்து, சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சார் அந்தஸ்தும் அதற்குக் கிடைத்தது. கரையோரச் சேற்றில் ஒரு பொறி உள்ளான் நடந்துகொண்டிருந்தது. முதுகெல்லாம் வெள்ளைப் பொறி தெளித்த, கைக்குள் அடங்கும் பறவை. வாலை ஆட்டி ஆட்டிச் சேற்றைக் குத்தியது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இது யூரேசியாவின் வடகோடிச் சதுப்புக் காடுகளுக்குப் போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இங்கிருந்து அங்கே எந்த வழியாகப் போகும், எங்கே இறங்கி இளைப்பாறும் என்று யாரைக் கேட்பது? நம் பனியன் பெட்டிக்கு இருக்கும் விவரம் இந்தச் சின்ன உயிருக்கு இல்லையே என்று அன்று மனம் கனத்தது.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் பங்குனியில் கோடியக்கரைக்குக் கிளம்பினேன். கரைப்பறவைகள் வடக்கே திரும்பும் மாதம் அது.

பல்லடத்தில் பஸ் ஏறி, காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சி. அங்கிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. பக்கத்து இருக்கையில் வேதாரண்யத்துப் பையன் ஒருவன், பவர்டேபிளில் தைக்கிறவன். ஊர்த் திருவிழாவுக்குப் போகிறான். தலைக்குமேல் இருந்த அவன் பையில் தங்கச்சிக்கு எடுத்த சுடிதாரும் அம்மாவுக்கு எடுத்த சேலையும் இருந்தன. "நாலு நாள்தாண்ணா லீவு. போக ஒரு நாள், வர ஒரு நாள்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.

விடியும் நேரத்தில் சன்னலோரம் ஒரு சுமைதாங்கிக் கல் கடந்து போனது. நட்டுவைத்த இரண்டு கற்கள்மேல் குறுக்கே ஒரு கல். எங்கள் கொங்குப் பக்கமும் பழைய வண்டிப்பாதைகளில் இதைப் பார்க்கலாம். தலைச்சுமையோடு நடக்கிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம் என்று என் அப்பத்தா சொல்வார். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்கள் எல்லோரும் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம். பயணம் முழுக்க அந்தக் கல் என்னோடு வந்தது.

வேதாரண்யத்தை நெருங்கும்போதே காற்றில் உப்பு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண். இப்போதும் அகஸ்தியன்பள்ளியைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள்தான். வெயில் ஏறும் முன்பே வேலை தொடங்கியிருந்தது. பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு எனக்குப் புதிதல்ல. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு எங்கள் ஊர் பட்டறைகள் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகின்றன. அந்த உப்பு நீர்தான் நொய்யலைக் கெடுத்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைப் பிரித்து, காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். எங்கள் அருள்புரத்திலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. ஓர் ஆற்றைக் கொன்ற உப்பு, இங்கே பாத்திகளில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று கிடந்தது. உப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தால் அதுவும் ஒரு வாழ்விடம்.

அந்த நீர்ப்பாத்திகளில்தான் அவற்றைப் பார்த்தேன். மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்திகள். ஓடும், நிற்கும், குத்தும், மறுபடி ஓடும். உப்பளத்தைக் கொத்தித் தின்பதுபோல் தெரிவதால் இந்தப் பெயரோ என்னவோ. குளிர்காலத்தில் இவை மண் நிறத்தில் இருக்கும். பங்குனியில் மார்பில் செம்பழுப்பு ஏறத் தொடங்குகிறது. சில பறவைகளுக்கு முழுதாக ஏறியிருந்தது, சிலவற்றுக்குச் சாயம் பிடிக்காத துணிபோலத் திட்டுத்திட்டாக. கொஞ்சம் தள்ளி, வளைந்த அலகோடு ஒரு கூட்டம் உள்ளான்கள் வயிறுவரை செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அவை சைபீரியத் துந்திரப் பகுதிக்குப் போகிறவை. இங்கே வரும் உப்புக்கொத்திகளில் பெரும்பாலானவை திபெத்தியப் பீடபூமியிலும் லடாக்கிலும் கூடு வைக்கும் வகை. அறிவியலாளர்கள் அண்மையில் இவற்றைச் சைபீரிய வகையிலிருந்து தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். அறுபது கிராம் பறவை இமயத்தின் மேட்டுக்கு ஏறப் போகிறது.

வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார்.

"திருப்பூருங்க அக்கா. அருள்புரம்."

"எம் பொண்ணும் மருமவனும் அங்கதான் இருக்காங்க. கஜா அடிச்சுதுல்ல, தென்னை எல்லாம் சாஞ்சுபோச்சு. அந்த வருசம் போனவங்க." 2018 நவம்பரில் அந்தப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. குருவிகளைக் காட்டிக் கேட்டேன். "இதுங்க சித்திரைக்குள்ள போயிடும். ஆடியிலயே முதல்ல வர்றது வந்துடும். நாங்க நாளு பாக்கிறதே இதுங்கள வச்சுத்தான்" என்றார். பாத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். எத்தனை நாள் எங்கே தங்குகின்றன என்ற கேள்வியின் பாதி விடை, இந்தக் கரையில் கூலி வேலை செய்கிறவர்களிடம் இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் கருவிகள்.

கருவிகளுக்கு முன்னால் வளையம் இருந்தது. பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விட்டுவிடுவது. 1959-ல் சாலிம் அலி முன்னின்று, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. பறவைகளோடு நோயும் நாடு விட்டு நாடு பரவுகிறதா என்று அறிவது அன்றைய கவலை. கோடியக்கரை அந்த வேலையின் முக்கியமான களமாக ஆனது. பறவையியலாளர் எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகள் இங்கே இருந்து ஏராளமான பறவைகளுக்கு வளையமிட்டார். வலை வைப்பதிலும் கண்ணி வைப்பதிலும் பரம்பரைத் தேர்ச்சி கொண்ட பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்த அலி ஹுசேன் போன்றவர்களின் கைத்திறன் அந்த அறிவியலுக்கு அடித்தளமாக இருந்தது.

கோடியக்காட்டு டீக்கடையில் அந்தக் காலத்தில் வலை தூக்கிப் போன பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் வலை கட்டுவார்களாம். நிலா இருந்தால் பறவை வலையைப் பார்த்துவிடும். டீ கிளாஸை வைத்துவிட்டு, இல்லாத ஒரு பறவையைக் கையில் பிடித்துக் காட்டினார். கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், முதுகு உள்ளங்கையில், மற்ற விரல்கள் லேசாக மூடியபடி. "இறுக்குனா மூச்சு நின்னுரும். விட்டா பறந்துரும். நெஞ்சு படபடன்னு அடிக்கிறது கையில தெரியும் தம்பி. அதுக்குள்ள அளந்து, எடை போட்டு, வளையத்தை மாட்டி விட்டுரணும்." அந்தப் படபடப்பு அவர் உள்ளங்கையில் இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

வளையத்தின் குறை ஒன்றுதான். அந்தப் பறவை மறுபடி எங்காவது பிடிபட வேண்டும், அல்லது யாராவது எண்ணைப் படிக்க வேண்டும். தொலைநோக்கியில் படிப்பதற்காகக் காலில் வண்ணக் கொடி கட்டும் முறையும் வந்தது. அன்று மாலை ஒரு கொசு உள்ளானின் காலில் கொடி போன்ற ஏதோ தெரிந்தது. நான் கண்ணாடியைத் திருப்புவதற்குள் கூட்டம் எழும்பிவிட்டது. ஓர் எண்ணைத் தவறவிட்ட வருத்தம் இரவுவரை போகவில்லை. வளையமும் கொடியும் பயணத்தின் இரண்டு முனைகளைத்தான் சொல்லும். புறப்பட்ட ஊர் ஒன்று, பார்த்த ஊர் ஒன்று. நடுவில் எல்லாம் இருட்டு.

அந்த இருட்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றியது ரேடியோ டிரான்ஸ்மிட்டர். அதன் வேலை எளிது. ஒரு பொத்தான் அளவுப் பெட்டி, ஒரு பேட்டரி, மயிரிழை போன்ற ஒரு ஆன்டெனா. சில நொடிகளுக்கு ஒருமுறை 'பிப்' என்று ஒரு துடிப்பு. ஒவ்வொரு பறவைக்கும் தனி அலைவரிசை. தரையில் நிற்கிறவர் மீன்முள் போன்ற ஆன்டெனாவைச் சுற்றித் திருப்புவார். ஒலி எந்தப் பக்கம் உரக்கக் கேட்கிறதோ அந்தப் பக்கம் பறவை. இரண்டு இடங்களிலிருந்து கோடு இழுத்தால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் அது இருக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் காக்ரன் 1960-களிலிருந்தே இப்படிச் சின்னப் பறவைகளை வண்டியில் துரத்தினார். 1973-ல் ஒரே ஒரு பாட்டுக்குருவியின் பின்னால், அது இரவு பறக்கும்போது ஓட்டியும் பகலில் இறங்கும்போது நின்றும், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் போனார். வானத்தில் போகும் ஒரு துடிப்புக்காகத் தூக்கத்தை விட்ட அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

நம் கொசு உள்ளானின் நெருங்கிய உறவான, அதே அளவே உள்ள மேற்கத்திய உள்ளானுக்கு 1992 வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஒரு கிராம் டிரான்ஸ்மிட்டர்களை முதுகில் ஒட்டி விட்டார்கள். பசைதான். சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும். அலாஸ்காவரை கடற்கரை நெடுக விமானத்திலும் தரையிலும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். பறவைகள் ஒவ்வொரு கழிமுகத்திலும் ஓரிரு நாள், சில நாள் மட்டும் தங்கித் தாவித் தாவிப் போயின. ஆனால் அலாஸ்காவின் காப்பர் ஆற்றுக் கழிமுகத்தில் பெரும்பாலானவை இறங்கின. வழி ஒன்றுதான், ஆனால் அந்த ஓர் இடம் இல்லாமல் போனால் வழியே இல்லை என்பது அதனால் தெரிந்தது.

எடைக்கு ஒரு கண்டிப்பு இருக்கிறது. பறவையின் எடையில் 3 சதவீதத்துக்குமேல் சுமை ஏற்றக் கூடாது என்பது இன்று பலரும் கடைப்பிடிக்கும் வரம்பு. 25 கிராம் கொசு உள்ளானுக்கு முக்கால் கிராம்தான் வரும், ஒரு சிட்டிகை உப்பு. அதனால்தான் ஜி.பி.எஸ். எல்லாம் பெரிய பறவைகளுக்கே முதலில் வந்தது. செயற்கைக்கோளோடு பேசும் கருவிகள், சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் கருவிகள், செல்போன் கோபுரத்தின் அருகே வந்ததும் சேர்த்துவைத்த இடக்குறிப்புகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவிகள் என்று அவை வளர்ந்தன. 2007-ல் ஈ7 என்ற எண் கொண்ட ஒரு பெண் பட்டைவால் மூக்கன் நியூசிலாந்திலிருந்து கிளம்பி, மஞ்சள் கடலின் கரையில் யாலு ஆற்று முகத்துவாரத்தில்தான் முதலில் இறங்கியது. பத்தாயிரம் கிலோமீட்டர், நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல். அங்கே வாரக்கணக்கில் தின்று கொழுத்து அலாஸ்கா போனது. திரும்பும்போது பசிபிக்கின் மேலேயே 11,680 கிலோமீட்டரை எட்டு நாளில் கடந்தது.

ஈ7 சொன்ன செய்தியில் என்னை அசைத்தது அதன் தூரம் இல்லை, அது இறங்கிய சேறு. மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 2006-ல் தென்கொரியாவின் சேமான்கும் கரை அடைக்கப்பட்டு, அலை நுழைந்துகொண்டிருந்த சேறு வறண்டது. அங்கே தங்கிய பெரிய உள்ளான்களின் எண்ணிக்கை பல பத்தாயிரக் கணக்கில் சரிந்தது. அவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்னோர் இடம் இல்லை என்பதை டிரான்ஸ்மிட்டர்களும் கணக்கெடுப்புகளும் சேர்ந்து காட்டின. 2019-ல் சீனாவின் மஞ்சள் கடற்கரைப் பறவைச் சரணாலயங்களுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய மதிப்பு கிடைத்ததற்கு இந்தத் துடிப்புகளும் ஒரு காரணம்.

நம் பக்கமும் அந்த வெளிச்சம் வந்திருக்கிறது. கோடியக்கரை முனைக்குத் தெற்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையின் மன்னார். 2021-ல் அங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ். கருவி கட்டினார்கள். கடற்காகமும் உள்ளானும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர்கள். 'மேகா' என்று பெயரிட்ட ஒரு கடற்காகம் வசந்தத்தில் மன்னாரைவிட்டு இந்தியாவின் மேலாக வடக்கே ஏறி, ஆர்க்டிக் ஓரத்து யமால் தீபகற்பம்வரை போய், மழைக்காலத்துக்குள் அதே மன்னாருக்குத் திரும்பிவந்தது. போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர். போரிலும் துயரிலும் பெயர் அடிபட்ட ஒரு கரையை, ஒரு பறவை தன் வீடு என்று இரண்டாம் முறையும் தேர்ந்துகொண்டது.

நம் வான்வழிக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று பெயர். ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை 30 நாடுகளைத் தொடுகிறது. அந்த நீளத்தில் நஞ்சராயன் குளம் ஒரு புள்ளி, கோடியக்கரை ஒரு புள்ளி. வரைபடத்தில் கோடு கண்ணைப் பறிக்கும். ஆனால் கோட்டை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை, அதைக் காற்றும் இறகும் பார்த்துக்கொள்ளும். நம் பொறுப்பில் இருப்பவை புள்ளிகள். நீண்ட பறப்புக்கு முன் இந்தப் பறவைகள் உடல் எடையை இரட்டிப்பாக்கும் அளவுக்குக் கொழுப்பு ஏற்றுகின்றன. சிலவற்றுக்குக் கிளம்பும் முன் குடலே சுருங்குகிறது, பாரம் குறைய. இறங்கியதும் அதை மறுபடி வளர்த்துக்கொண்டுதான் தின்ன முடியும். அப்படி வருகிற உடம்புக்கு, தண்ணீர் வற்றாத, சாயம் கலக்காத, யாரும் விரட்டாத ஒரு சேற்றுக் கரை, அந்தச் சுமைதாங்கிக் கல்லேதான். அதன் உயரம் கொஞ்சம் தவறினாலும் சுமையை மறுபடி தூக்க முடியாது.

இரண்டாம் நாள் மாலை ராமர் பாதம் மேட்டில் ஏறி நின்றேன். காட்டுக்கு மேலாகக் கடலும் சதுப்பும் தெரியும் இடம். மேற்கே முத்துப்பேட்டைப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கீழே நீரோரம் ஒரு கூட்டம் உள்ளான்கள் ஓயாமல் கத்தின. தின்னும்போது அவை இவ்வளவு கத்துவதில்லை. சட்டென்று முப்பது நாற்பது பறவைகள் எழும்பின. வழக்கம்போல் ஒரு வட்டம் அடித்து இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. மேலே மேலே போயின. வளைந்து, கலைந்து, மறுபடி ஒரு கோடாகி, வடக்குப் பக்கமாகச் சின்னதாகிக்கொண்டே போயின. குரல் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. கிளம்பிவிட்டன என்று நான் நம்புகிறேன். அந்த முதுகுகளில் எந்தக் கருவியும் இல்லை. இருட்டும்வரை இறங்கி வர மனம் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். அடுத்த ஞாயிறு விடிகாலையில் நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். ஒரு நோட்டில் தேதி, எண்ணிக்கை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்தக் குளத்துக்கு எப்போது வருகின்றன, எப்போது போகின்றன, எந்த மூலையில் நிற்கின்றன என்று. உப்பள அக்காவைப்போல் நாளைப் பறவையில் பார்க்க ஆசை. முதல் ஞாயிறு பொறி உள்ளான் ஒன்பது. அடுத்த ஞாயிறு மூன்று. சித்திரை பிறந்தபின் போனபோது ஒன்றுகூட இல்லை.

நல்லாறு வந்து சேரும் முனையில் பாலித்தீன் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. கைக்கு எட்டியவற்றைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டேன். பெயர் தெரியாத இரண்டு பையன்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் சேற்றைக் காட்டி, "அண்ணா, இதென்னுங்கண்ணா?" என்றான். மூன்று விரல் தடங்கள், சின்னச் சின்னதாக, நீர் விளிம்புவரை போய் நின்றிருந்தன. காய்ந்த சேற்றில் அச்செடுத்ததுபோல் பதிந்திருந்தன. மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனோம். ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.